ஒத்திகை பன்

மே 14, புதன்

காலை ஷிப்டில் ஆபத்துச் சங்கு ஊதியது. இறால் உரிக்கும் கூடத்துப் பெண்கள் கையுறையும் தலையுறையுமாக வெளியே ஓடினார்கள். கேட்டைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டார்கள். இறாலை உறையவைக்கும் கம்ப்ரசர் அறையில் ஒரு வால்விலிருந்து அம்மோனியா கசிந்திருக்கிறது. சற்று நேரத்தில் அடைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. சிலருக்குக் கண் எரிச்சல், ஒரு பெண்ணுக்கு வாந்தி.

பத்து மணிக்குள் ஊர்க்காரர்கள் கேட்டில் கூடிவிட்டார்கள். ஆலை மேலாளர் மோகன்தாஸ் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். குரல் உயராது.

"பிச்சையா சார், லீக்குங்கற வார்த்தை வெளிய போகக்கூடாதுங்க. எழுதறவரு நீங்கதான். ஒரு வார்த்தை சொல்லுங்க."

இருபத்தாறு வருடம் மாவட்ட நிருபராக இருந்துவிட்டு, இப்போது இந்த ஆலையின் மக்கள் தொடர்பு வேலையில் இருப்பவன். வார்த்தை கேட்டால் வந்துவிடும். "ஒத்திகைன்னு சொல்லலாம்" என்றேன். "பாதுகாப்பு ஒத்திகை."

அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கேன்டீனுக்கு போன் செய்து, எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் கொடுக்கச் சொன்னார். ஒத்திகை என்றால் முடிவில் ஏதாவது கொடுக்க வேண்டுமே. அது அவருடைய யோசனை.

கேட்டில் நின்றவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். தெரிந்த முகங்கள். "அண்ணாச்சி சொன்னா சரிதான்" என்று கலைந்தார்கள்.

மே 15, வியாழன்

என் பழைய பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில் செய்தி வந்திருக்கிறது. "வெண்கடல் மரைன் நிறுவனத்தில் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்பட்டது." எழுதியவன் சேவியர். எங்கள் பதிப்பை மூடியபோது தப்பித்து மதுரைப் பதிப்பில் ஒட்டிக்கொண்ட ஒரே பையன். என்னிடம் வேலை கற்றவன்.

நேற்று போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஒத்திகைதான அண்ணாச்சி?" ஆமாம் என்றேன். "நீங்க சொன்னா நான் எதுக்கு ஆலைக்கு வரணும்" என்று சிரித்தான்.

"நடத்தப்பட்டது" என்று ஒரு வரியில் வந்தால், "யாரால?" என்று எழுதியவனிடம் திருப்பிக் கேட்பேன். புதிதாக வரும் ஒவ்வொருவனுக்கும் முதல் வாரம் அதுதான் பாடம். அப்படி எழுதப்பட்ட வரிக்குள் யாரோ ஒருவன் ஒளிந்திருப்பான் என்பேன். சேவியர் மறந்துவிட்டான்.

மே 28, புதன்

தொழிற்சாலை ஆய்வாளர் மெஹருன்னிசா சொல்லாமல் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கறுப்புக் குடை, ரப்பர் செருப்பு. அலுவலகத்துக்கு வரவில்லை, நேராகக் கம்ப்ரசர் அறைக்குப் போனார். வாசலில் நின்று மூச்சை இழுத்தார். உள்ளே போய், கதவுக்குப் பின்னால் நின்று மறுபடி இழுத்தார்.

"பதினாலாம் தேதி என்ன நடந்துச்சு?" என்றார்.

"ஒத்திகை மேடம்" என்றார் மோகன்தாஸ்.

"ஒத்திகைக்கு எதுக்கு வால்வு மாத்துனீங்க? இது புதுசு. பெயின்ட் கூட மங்கல."

மோகன்தாஸ் என் பக்கம் பார்த்தார்.

பிறகு வெளியே வந்து, ஆபத்து நேரத்தில் தொழிலாளர்கள் கூடும் இடம் எது என்று கேட்டார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வாகை மரத்தடியில், பச்சைப் பலகை இருக்கிறது. கம்ப்ரசர் அறைக்கு நேர் கிழக்கே. முன்பு அது மேற்குக் கேட் பக்கம் இருந்ததாம். அங்கே இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

"கச்சான் ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் மேக்க இருந்துதான் காத்து. கேஸ் வந்தா நேரா இங்கதான் வரும். ஆளுகளக் கூட்டிட்டு வந்து அதுக்கு முன்னாடி நிப்பாட்டுவீங்களா?"

காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்த துணிப்பை கிழிந்து, கம்பி வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். கூடும் இடத்தை மாற்ற வேண்டும், பழைய குழாய்களைச் சோதிக்க வேண்டும், முப்பது நாளில் மறுபடி வருவேன் என்றார். டீ குடிக்கவில்லை.

அவர் போன பிறகு மோகன்தாஸ், "இந்தம்மாவ மாதிரி நாலு பேர் இருந்தா நாட்டுல தொழில் நடக்காதுங்க" என்றார். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

மனைவி கோமதியை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிப் போனேன். செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய் இசக்கிக்கு வார விடுமுறை, அவளும் வருவாள். கோமதியின் தம்பி மகள். இறால் கூடத்தில் வேலை, நான் சேர்த்துவிட்டது. புருஷன் உப்பளத்தில். இரண்டு பிள்ளைகள்.

கோமதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருக்கிறார். டம்ளரில் நான் அளந்து வைப்பேன். இசக்கி வந்தால் அத்தை அவளிடம் திருட்டுத்தனமாகக் கேட்பாள்.

"ஒரு மடக்கு குடுட்டீ. ஒங்க மாமா கம்பெனி பைப்பு மாதிரி அடைச்சு வச்சிருக்காவ."

"கம்பெனி பைப்பு அடைச்சா இருக்கு? அது பாட்டுக்கு ஒழுகுது அத்த" என்றாள் இசக்கி.

இருவரும் சிரித்தார்கள். கவுன்ட்டரில் மருத்துவ அட்டையை நீட்டினேன். கம்பெனி கொடுத்த அட்டை. அந்தப் பெண் அதைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வரும்வரை கையை மேசையிலிருந்து எடுக்க மாட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஆலையில் லட்டு கொடுத்தார்கள். நாங்கள் சுயசான்று முறைக்குள் வந்துவிட்டோம். இனிமேல் ஆலை பத்திரமாக இருக்கிறது என்று ஆலையே எழுதிக் கொடுத்தால் போதும். மூன்று வருடத்துக்கு ஆய்வு கிடையாது. புகார் வந்து, மேலிடம் அனுமதி கொடுத்தால் மட்டும் ஆய்வாளர் வரலாம், அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அபாயம் குறைந்த ஆலை என்ற தகுதிக்கு மதிப்பெண் உண்டு. ஒத்திகை நடத்தியதற்கும் அதில் மதிப்பெண் கிடைத்திருக்கிறது.

மாலையில் மெஹருன்னிசா எனக்கு போன் செய்தார். நம்பரைச் சேவியரிடம் வாங்கினாராம்.

"பிச்சையா சார், ஒங்க பழைய கட்டுரையெல்லாம் படிச்சிருக்கேன். அதனாலதான் கூப்பிடுறேன். அவங்களுக்கு அவங்களே மார்க் போட்டுக்கிடுறாங்க. நான் வந்து மோந்து பாக்கக்கூடாதுன்னு உத்தரவு. உள்ள இருக்கிறவங்க ஒருத்தர் எழுத்துல ஒரு புகார் குடுத்தா, நான் அனுமதி கேக்கலாம். பேரு வெளிய வராது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க. அந்தக் கூடும் இடத்த மட்டுமாவது மாத்தச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

இரவு கோமதிக்குக் கால் வீங்கியிருந்தது. தலையணை வைத்து உயர்த்தினேன். மிச்ச லட்டை எறும்பு மொய்த்துவிட்டது.

ஜூலை 2, புதன்

சங்கு. ஒத்திகை. பன்.

ஜூலை 9, புதன்

இந்த முறை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். என் குரல் நன்றாக இருக்கிறதாம். "கவனிக்கவும். இது பாதுகாப்பு ஒத்திகை. அனைவரும் வரிசையாகக் கூடும் இடத்துக்கு வரவும். ஓட வேண்டாம்." அலுவலகம் மேற்கு மூலையில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். மே மாதம் ஓடியது போல யாரும் ஓடவில்லை. பயிற்சி பலன் தந்திருக்கிறது என்றார் மோகன்தாஸ்.

கூடத்தில் இதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். மாலையில் வீட்டுக்கு வந்த இசக்கி சொன்னாள்.

"சங்கு ஊதினா, ஏளா பன்னு வந்துட்டுன்னு எந்திச்சிருவோம். நின்னுகிட்டே வேல பாக்கோம்லா, காலுக்கு ஒரு ரெஸ்ட்டு. பேச்சியக்கா ரெண்டு பன்னு வாங்கிருவா. ஒண்ணு பேரனுக்கு."

கோமதி சிரித்தாள். இசக்கி சிரிக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா. பன்னுன்னு நீங்க சொல்லுத அன்னிக்கெல்லாம் வாடை வருது. கண்ணு எரியுது. நெசமாவே பெருசா கேஸ் வந்தா என்ன சொல்லுவிய?"

"அதுக்கு வேற அறிவிப்பு இருக்கு."

"என்ன அறிவிப்பு?"

"வெளியே ஓடுங்கன்னு."

"எந்தப் பக்கம்?"

கோமதி தண்ணீர் கேட்டாள். எழுந்து போனேன்.

ஜூலை 21, திங்கள்

ஏற்றுமதியாளர் சங்க விழாவில் எங்களுக்குக் கேடயம். பாதுகாப்பில் முன்மாதிரி ஆலை. பாராட்டுரையை எழுதியது நானே, படித்தவர் வேறு. "தொடர் ஒத்திகைகள் நடத்தப்பட்டு, தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது." மோகன்தாஸ் கேடயத்தை வரவேற்பறையில் வைக்கச் சொன்னார்.

இரண்டு பன் வாங்கும் பேச்சியம்மாளுக்கு இருமல் நிற்கவில்லை என்று இசக்கி சொன்னாள். ஆஸ்பத்திரியில் சளி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 6, புதன்

கச்சான் பேயாக அடிக்கிறது. மேற்கேயிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அலுவலகக் கதவில் கொட்டுகிறது. ஆனால் இங்கே அம்மோனியா வாடை இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனால் இருக்கிறது. இன்று வேண்டுமென்றே போய் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மோகன்தாஸிடம் போனேன். கூடும் இடத்தை மேற்குக் கேட்டுக்கு மாற்றலாமே என்றேன். ஆய்வாளர் சொன்னதையும் நினைவுபடுத்தினேன்.

"மாத்தலாங்க. லாரியெல்லாம் எங்க நிறுத்தறது? சீசன் முடியட்டும்."

"குழாய்?"

"ஆலைய நிறுத்தாம குழாய் மாத்த முடியாது சார். குளிர்ல சரக்கு கெடக்குது. ஒரு நாள் நிறுத்துனா ஆர்டர் வேற பக்கம் போயிடும். பக்கத்து ஆலைக்காரன் மாத்தறானா? அவன் மாத்தாம நான் மட்டும் மாத்துனா என் விலை ஏறிடும். எல்லாரையும் மாத்தச் சொல்லி சட்டமா ஒருத்தன் வந்து நின்னான்னா நானும் மாத்துவேன். இப்ப யாருங்க வர்றா?"

கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பேச்சியம்மாளின் இருமலைப் பற்றிச் சொன்னபோது, உடனே தன் காரைக் கொடுத்து நல்ல டாக்டரிடம் அனுப்பினார்.

மெஹருன்னிசாவின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து பேசலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோமதிக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அங்கேயே இரவு தங்கினோம். மெஹருன்னிசாவுக்கு போன் செய்யவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிற்பகலில் கம்ப்ரசர் அறையில் பிரதான குழாய் உடைந்தது. சங்கு ஒலிக்கப்பட்டது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்யப்பட்டது. தொழிலாளர்கள் கூடும் இடத்தில் திரண்டனர். காற்று மேற்கிலிருந்து வீசியது. நால்வர் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர்.

பேச்சியம்மாள் இறந்துவிட்டாள்.

இசக்கி உயிரோடு இருக்கிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டயாலிசிஸுக்குப் போகவில்லை. கோமதி வர மறுத்துவிட்டாள். "அவ கண்ண மூடிக் கெடக்கா, நான் மிசினுல போயி படுக்கவா?" இன்று நான் அளந்து வைத்த தண்ணீரைக்கூட அவள் தொடவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

இசக்கியைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. தொண்டை வெந்திருக்கிறது, கிசுகிசுப்பாகத்தான் பேச்சு. பார்வை திரும்புமா என்று டாக்டரிடம் கேட்டேன். கேஸ் ஷீட்டில் எதையோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமாவா? அத்த மிசினுக்குப் போனாளா?"

"நேத்து போனா."

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டா."

சற்று நேரம் மூச்சு வாங்கினாள்.

"மரத்தடியில போயி நின்னோம் மாமா. வெள்ளையா ஒண்ணு வந்துச்சு, மூடுபனி மாதிரி. வரிசையக் கலைக்காதீகன்னு சூப்ரவைசர் சொல்லுதான். அவனுக்கும் தெரியாதுல்லா. பேச்சியக்கா, எங்கட்டீ பன்னக் காணும்னு திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறால் முள் குத்திய தழும்புகள் விரல் நுனியில் இருக்கின்றன.

"ஒங்க குரல் அன்னிக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். "கவனிக்கவும்னு சொல்லிட்டு நின்னிய. ரொம்ப நேரம் நின்னிய. நான் கத்தியக் கீழ வச்சுட்டு, என்னமோ வேற சொல்லப் போறாவன்னு பாத்தேன். அப்புறம் எப்பவும் போல சொல்லிட்டிய."

நர்ஸ் வந்து, பேச விடாதீர்கள் என்றாள்.

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. உப்பளங்கள் முழுக்க வெள்ளை. ஊர் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மோகன்தாஸ் வீட்டுக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. கம்பெனி வக்கீலும் கூட வந்தார்.

"ஒலிபெருக்கி ரெக்கார்டிங் எதுவும் இல்லைங்க" என்றார் வக்கீல். "விசாரணையில கேட்டா, வெளியேறச் சொல்லி அறிவிச்சீங்க. பதட்டத்துல தொழிலாளர்கள் சரியாக் கேக்கல. உண்மைக்கு ரொம்ப தூரமில்ல."

மோகன்தாஸ் என்னைப் பார்க்கவில்லை. "இன்டர்காம்ல நான்தான் சார் சொன்னேன், ஒத்திகைன்னே சொல்லுங்க, இல்லன்னா நெரிசல்ல மிதிபடுவாங்கன்னு. அந்த நேரத்துல எனக்கு அதுதான் தோணுச்சு" என்றார். வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

போகும்போது வக்கீல் வாசலில் திரும்பினார். "அம்மாவோட மெடிக்கல் கார்டு அப்படியே இருக்குங்க. அதப்பத்திக் கவலப்படாதீங்க."

கோமதி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

"திருப்பிக் குடுத்திருங்க. கவர்மென்ட் பெரியாஸ்பத்திரியிலயும் மிசின் இருக்கு. வரிசையில நின்னா நின்னுக்கிடுவோம்."

செப்டம்பர் 10, புதன்

விசாரணை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. கோட்டாட்சியருக்குப் பக்கத்தில் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தார். அதே கறுப்புக் குடை சுவரில் சாய்ந்திருந்தது. அவரும் விசாரிக்கப்பட வேண்டியவர்தான் என்று வக்கீல் ஆட்சேபித்தார். முப்பது நாளில் வருவேன் என்று சொன்னவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"அனுமதி கேட்டேன். ரெண்டு தடவ. புகார் இல்லாம போகக்கூடாதுன்னு பதில் வந்துச்சு" என்றார் மெஹருன்னிசா. "ஒரு புகாருக்காகக் காத்திருந்தேன்."

இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அடுத்து சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, புருஷன் தோளில் கையை வைத்தபடி இசக்கி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்கும்.

கோட்டாட்சியர் கேட்டார். "சங்கு ஊதின பிறகு என்ன நடந்தது?"

"அறிவிப்பு செய்யப்பட்டது" என்றேன்.

மெஹருன்னிசாவின் பேனா நின்றது.

"யாரால?" என்றார்.

வக்கீல் இருமினார். கதவுக்கு வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "கவனிக்கவும், இது பாதுகாப்பு ஒத்திகைன்னு சொன்னேன். உடைஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். அதுக்கு முந்தின ஒத்திகை எல்லாமும் கசிவுதான். அந்தப் பேரு நான் வச்சது."

மெஹருன்னிசா எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது இசக்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் பக்கம் கையை நீட்டவும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஆலையைப் போன வாரம் திறந்துவிட்டார்கள். இடைக்காலத் தடையை விலக்கி உத்தரவு வந்ததாம். மோகன்தாஸ் ஜாமீனில் இருக்கிறார். என் மேலும் வழக்கு இருக்கிறது, பதினாறாம் தேதி ஆஜராக வேண்டும். புது மேலாளர் வந்திருக்கிறார். கூடும் இடம் மாறியதா என்று சேவியரிடம் கேட்டேன். உள்ளே விட மறுக்கிறார்கள் என்றான். அவனே நேரில் போயிருக்கிறான். மெஹருன்னிசாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னான். குழாய்கள் சரியாக இருக்கின்றன என்று ஆலையே எழுதிக் கொடுத்திருக்கிறது.

காலையில் இசக்கி வந்தாள். அவளுடைய மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அத்தையைப் பார்க்க வந்ததாக இசக்கி சொன்னாள். என்னிடம் பேசவில்லை. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் டம்ளரின் விளிம்பைத் தடவி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தாள்.

பத்து மணிக்குக் கிழக்கேயிருந்து சங்கு கேட்டது.

டம்ளர் சாய்ந்து தண்ணீர் கோமதியின் மடியில் கொட்டியது. இசக்கி எழுந்து நின்றுவிட்டாள். சுவர் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். சங்கு நிற்கவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல். இவ்வளவு தூரத்தில் குரல்தான் வந்தது, சொல் வரவில்லை.

"மாமா" என்றாள். விசாரணைக்குப் பிறகு முதல்தடவை. "இது எது மாமா? நெசமா, பன்னா?"

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.